பிரிக்கத் தெரியாத இன்ஜினியர்கள்

ஒரு 6 மில்லிமீட்டர் போல்ட் கடையில் சில ரூபாய்தான். அது "வரமாட்டேன்"னு அடம்பிடிச்ச ஒரே காரணத்துக்காக, பல்லாயிரம் ரூபாய் போட்டு வாங்கின ஒரு படகு மோட்டார் எடைக்குப் போகுது. காயலான் கடையில் அதுக்குக் கிலோ கணக்குதான். உள்ளே பிஸ்டன் நல்லா இருக்கும், கிராங்க் நல்லா இருக்கும், கியரில் ஒரு பல்லுகூடத் தேஞ்சிருக்காது. ஆனா திறக்க முடியல. திறக்க முடியாத மெஷினும் செத்த மெஷினும் ஒண்ணுதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் சண்டைக்கு வாங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு வெளியே வர்ற நமக்கு ஒரு மெஷினை வரையத் தெரியும், கணக்குப் போடத் தெரியும், ஓரளவு சேர்த்துப் பூட்டவும் தெரியும். பிடிச்சுக்கிட்ட ஒண்ணைச் சேதமில்லாமல் பிரிக்கத் தெரியாது. "அது மெக்கானிக் வேலை, நமக்கு எதுக்கு?"ன்னு ஒதுக்க முடியாது. வேதியியல், வெப்பவியல், பொருளறிவியல் மூணும் ஒரே மரையில் வந்து நிக்கிற பாடம் அது. அந்தப் பாடம் நம்ம லேப்புக்குள்ள வரணும்.

உதாரணத்துக்கு அவுட்போர்டு மோட்டாரை எடுத்துக்குவோம். படகின் பின்பலகையில் வெளிப்பக்கமா மாட்டித் தொங்கவிடுறது. மேலே இன்ஜின், நடுவில் நீளமான தண்டு, தண்ணிக்குள்ள கியரும் ப்ரொப்பெல்லரும். "சேலத்துக்காரனுக்கும் படகு மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? கடல் எங்கே, ஏற்காடு எங்கே?"ன்னு கேப்பீங்க. ஏற்காடு ஏரியில் படகு விடுறாங்கங்கிறது மட்டும் இல்லை சம்பந்தம். அது நம்ம மலையிலேயே இருக்கு.

மூணு மலை, ஒரு மோட்டார்

சேர்வராயன் மலைமேல செம்மண்ணோட கிடக்கிறது பாக்சைட், அலுமினியத்தின் தாது. ஏற்காட்டிலிருந்து லாரி லாரியா அது மேட்டூர் மால்கோ ஆலைக்கு இறங்கின காலம் நம்ம அப்பாக்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே மலையின் அடிவாரத்தில் வெள்ளை வெளேர்னு தெரியுற மேடுகள் மேக்னசைட். நம்ம ஊர் பாஷையில் வெள்ளைக்கல். பெரும்பாலும் உலைச் செங்கல்லுக்குப் போனாலும், அது மெக்னீசியத்தின் தாது. தென்மேற்கே கஞ்சமலையில் இரும்புத்தாது. துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுற சேலம் உருக்காலையும் அந்தப் பக்கம்தான்.

இப்போ மோட்டாரைப் பாருங்க. உடம்பு அலுமினிய வார்ப்பு. தண்டும் போல்ட்டும் எஃகு அல்லது ஸ்டெயின்லெஸ். தண்ணிக்குள்ள இருக்கிற பகுதியில் ஒரு சின்ன உலோகக் கட்டி ஒட்டியிருக்கும். அதுக்குத் தியாக ஆனோடுன்னு பேரு. கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம். ஆக, ஏரியில் ஓடுற மோட்டாரைப் பிரிச்சா உள்ளே நம்ம மூணு மலையின் உலோகமும் இருக்கும்.

வெவ்வேற உலோகங்களைத் தொட வச்சு உப்புத்தண்ணியில் முக்கினா என்ன ஆகும்னு பிளஸ் டூ மின்வேதியியல் பாடத்திலேயே படிச்சாச்சு. அது ஒரு பேட்டரி. அலுமினியம் கரையும், ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுங்காமல் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. பாடப்புத்தகத்தின் மின்னழுத்த அட்டவணையில் அலுமினியம் மைனஸ் 1.66 வோல்ட், துத்தநாகம் மைனஸ் 0.76. அந்தக் கணக்குப்படி அலுமினியம்தான் கரைஞ்சு துத்தநாகத்தைக் காப்பாத்தணும். நிஜக் கடலில் நடக்கிறது தலைகீழ். அலுமினியத்தின் மேல தானா படியுற ஆக்சைடு படலம் அதைக் கொஞ்சம் அடக்கி வைக்குது, அதனால துத்தநாகம் முன்வந்து கரையுது. அட்டவணையை மட்டும் மனப்பாடம் பண்ணினவங்களுக்கு இந்த இடத்தில் விடை தப்பு.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சாதாரண ஏரித்தண்ணியைவிட அது நூறு மடங்கு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தும். அதனால கடலில் இந்த பேட்டரி வேகமா ஓடும், ஏரியில் மெதுவா ஓடும். ஆனா ஏரி மோட்டாருக்கும் தப்பில்லை. மாசக்கணக்கில் சும்மா நிக்கிற மோட்டார், உள்ளே தேங்கின தண்ணி, ராத்திரியெல்லாம் இறங்குற மூடுபனி, இந்த மூணும் போதும். கடலோரத்தில் ஓடிக் களைச்ச பழைய மோட்டாரை யாராவது மலைக்கு வாங்கிட்டு வந்திருந்தா, அதுக்குள்ள கடலும் சேர்ந்தே மலையேறியிருக்கும்.

ஏற்காட்டு நண்பர்கள் இதைப் படகில் பார்க்காட்டியும் எஸ்டேட்டில் பார்த்திருப்பீங்க. 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் தொடங்கின காபி இன்னைக்கும் அந்த மலையின் முக்கியப் பயிர். பழம் உரிக்கிற பழைய பல்பரில் செம்புத்தகடு போர்த்தின உருளையும் இரும்புச் சட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அறுவடை முடிஞ்சா வருஷத்தில் பாதிக்கு மேல ஈரக்காத்தில் சும்மா நிக்கும். அடுத்த சீசனில் கழட்டப் போனா அதே கதை.

ஏன் இப்படிக் கவ்விக்குது?

துருன்னா உலோகம் தேஞ்சு குறையுறதுன்னு நினைக்கிறோம். அப்படின்னா போல்ட் லூஸ் ஆகணுமே, ஏன் இறுகுது? காரணம், துரு தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடம் கேக்கும். இந்த விகிதத்தை 1923ல் பில்லிங், பெட்வொர்த்னு ரெண்டு பேர் முறையா எழுதி வச்சாங்க. இரும்பு ஆக்சைடு ஆனா கிட்டத்தட்ட 2 மடங்கு இடம். அலுமினியம் ஈரத்தில் ஹைட்ராக்சைடு ஆனா 3 மடங்குக்கு மேல். போல்ட் மரைக்கும் துளை மரைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு. அங்கே அந்த வெள்ளைப் பொடி உருவானா வெளியே போக வழி கிடையாது. சுத்திச் சுத்தி ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும்.

இது புரிஞ்சா அடுத்ததும் புரியும். நாம சண்டை போடுறது போல்ட்டோட இல்லை, நடுவில் உக்கார்ந்திருக்கிற அந்தப் பொடியோட. போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பொடி கரையாது. போல்ட்தான் அறும்.

கணக்கைப் பாருங்க. சாதாரணமா கிடைக்கிற 8.8 ரக 6 மில்லிமீட்டர் போல்ட் குறைஞ்சபட்சம் 13 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்கினா போதும்னு தர அளவு சொல்லுது. 30 சென்டிமீட்டர் கைப்பிடி உள்ள ஸ்பேனரில் 10 கிலோ எடை அளவுக்கு அழுத்தினாலே கிட்டத்தட்ட 30 நியூட்டன் மீட்டர். ஒரு கையால சாதாரணமா அழுத்துற அழுத்தம் அது! இதில் ஸ்பேனருக்கு மேல ஒரு பைப்பைச் சொருகி, மேல ரெண்டு பேர் ஏறி நின்னா என்ன ஆகும்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு பெரியவங்க சும்மா சொல்லல.

பட்டறையில் நடக்கிற வரிசை

நல்ல மெக்கானிக் கையில் இந்த வேலை ஒரு வரிசையில் நடக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு அறிவியல் காரணம் இருக்கு, அவங்க அதை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்லை, அவ்வளவுதான்.

முதலில் சுத்தம். கம்பி பிரஷ் போட்டு மரையில் வெளியே தெரியுற உப்பையும் பொடியையும் எடுத்துடணும். அறுகோணத் தலைக்குச் சரியா உக்கார்ற ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனர்தான். ஓப்பன் ஸ்பேனரை மாட்டித் தலையோட மூலையை உருட்டிட்டா பாதிப் போர் அங்கேயே தோத்தாச்சு.

ரெண்டாவது, ஊறப் போடுறது. சாதா இன்ஜின் ஆயில் கெட்டி, உள்ளே இறங்காது. ஊடுருவுற ஆயில் நீர்த்தது, நுண்புழை ஈர்ப்பில் மெல்ல மெல்ல இறங்கும். கடையில் ஸ்ப்ரே டப்பாவா கிடைக்கும். கியர் ஆயில் வகையான ஏடிஎஃப்பையும் அசிட்டோனையும் பாதிப்பாதி கலந்து வச்சுக்கிறவங்களும் உண்டு. அது பெட்ரோல் மாதிரி பத்திக்கும், ஜாக்கிரதை. இதில் முக்கியமான மூலப்பொருள் நேரம். காலையில் சொட்டு, சாயங்காலம் சொட்டு, நாளைக்கு மறுபடியும். அவசரம்னா இந்த வேலைக்கே வராதீங்க.

மூணாவது, தட்டுறது. போல்ட் தலைமேல நேரா, சின்னச் சுத்தியலால, நிறையத் தடவை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்ங்கிறது இங்கே நேரடி உண்மை. ஒவ்வொரு தட்டும் அந்தப் பொடியில் ஒரு நுண்விரிசல், அந்த விரிசல் வழியா ஆயில் இறங்கும். அலுமினிய உடம்பில் மட்டும் அடிக்கக் கூடாது. வார்ப்பு வளையாது, உடையும்.

நாலாவது, சூடு. 23, 17, 12 இந்த மூணு எண்ணை ஞாபகம் வச்சுக்கங்க. ஒரு டிகிரி ஏறினா பத்து லட்சத்தில் அலுமினியம் 23 பங்கு விரியும், ஸ்டெயின்லெஸ் சுமார் 17, சாதா எஃகு சுமார் 12. ஒரு 8 மில்லிமீட்டர் துளையையும் போல்ட்டையும் 120 டிகிரி ஏத்தினா, துளை 22 மைக்ரான் பெரிசாகும். ஸ்டெயின்லெஸ் போல்ட் 16 மைக்ரான்தான் பெருக்கும். மிச்சம் 6 மைக்ரான். சாதா எஃகுன்னா 10 மைக்ரானுக்கு மேல். தலைமுடியைவிட ரொம்பச் சின்ன இடைவெளி. ஆனா இறுகின பொடியை உடைக்க அது போதும். சூடு பண்ணி, ஆற விட்டு, மறுபடி சூடு பண்ணினா இன்னும் நல்லது.

இங்கேதான் கவனம் வேணும். இரும்பு சூடானா சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து 660 டிகிரியில் பொசுக்குன்னு உருகி விழும். 200 டிகிரி தாண்டினாலே பலம் குறைய ஆரம்பிக்கும். அதனால கேஸ் வெல்டிங் ஜுவாலையைவிட ஹீட் கன் நல்லது. ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சா சுர்ருன்னு ஆவியாகிற அளவு போதும். டேங்க், கார்புரேட்டர், பெட்ரோல் டியூப் எல்லாத்தையும் கழட்டித் தூர வச்சப்புறம்தான் சூடு. ஆயில் ஸ்ப்ரே அடிச்ச இடத்தில் நெருப்பைக் காட்டவே கூடாது.

அஞ்சாவது, ஆட்டுறது. முதலில் கழட்டுற பக்கம் திருப்பாதீங்க, இறுக்குற பக்கம் ஒரு துளி. அப்புறம் கழட்டுற பக்கம் ஒரு துளி. முன்னே கால் சுத்து, பின்னே அரைக்கால் சுத்து. பொடி அரைஞ்சு வெளியே வரும். கையில் "டிக்"னு ஒரு சின்ன உடைவு தெரிஞ்சா பிடி விட்டுடுச்சுன்னு அர்த்தம். அதுக்குப் பதிலா மிட்டாய் இழுக்கிற மாதிரி மெத்துனு வந்தா உடனே நிறுத்தணும், போல்ட் முறுங்க ஆரம்பிச்சிடுச்சு.

அவுட்போர்டில் இன்னும் சில இடங்கள் உண்டு. பிஸ்டன் சிலிண்டருக்குள்ள பிடிச்சிருந்தா, ஸ்டார்ட்டர் கயிறை நாலு பேர் சேர்ந்து இழுக்கிறது வேலைக்காகாது. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, அந்தத் துளை வழியா ஆயில் ஊத்தி, நாலஞ்சு நாள் விட்டு, ஃபிளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு ஓடுற திசையில் மெதுவா அழுத்திப் பார்க்கணும். ப்ரொப்பெல்லர் தண்டோட ஒட்டியிருந்தா தண்டு நுனியில் அடிக்கக் கூடாது, மரை நசுங்கிடும். ப்ரொப்பெல்லர் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும்ங்கிறதால அதிகச் சூடும் ஆகாது. எல்லா போல்ட்டும் வந்தும் கீழ்ப்பகுதி கழலலைன்னா, தண்டு மேலே கிராங்க்கோட ஒட்டியிருக்கு. ரெண்டு பக்கமும் மர ஆப்பை வச்சுச் சமமா தள்ளணும். ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினா அலுமினிய முகம் சிதைஞ்சு, அப்புறம் எந்த கேஸ்கெட்டும் தண்ணியை நிறுத்தாது.

அப்படியும் அறுந்தா? மிச்சம் நீட்டிட்டு இருக்கிற துண்டுமேல ஒரு நட்டை வெல்டு வச்சுத் திருப்பலாம். வெல்டிங் சூடே பாதி வேலையை முடிச்சிடும். உள்ளேயே அறுந்திருந்தா நடுவில் சரியா புள்ளி குத்தி, இடது சுத்து டிரில் பிட். ஈஸி அவுட்னு ஒரு சாமான் இருக்கு, பேருதான் ஈஸி. அது உள்ளே உடைஞ்சா கெட்டிப்படுத்தின எஃகு, எந்த டிரில்லும் இறங்காது. கடைசி வழி முழுசா துளை போட்டுக் கம்பிச்சுருள் மரை இறக்குறது. நல்லா செஞ்சா பழைய அலுமினிய மரையைவிட அது பலம்.

தெரிஞ்சவங்க யாரு?

இதெல்லாம் எங்கே எழுதியிருக்கு? கடற்கரைப் பட்டறைகளில், மனுஷங்க கையில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையோரம் முழுக்க ஃபைபர் படகுகள் பெருகிச்சு, அதோட மோட்டாரும் பெருகிச்சு. கன்னியாகுமரிப் பக்கம் மண்ணெண்ணெயில் ஓடுற அவுட்போர்டு, சோழமண்டலக் கரையில் நீள வால் வச்ச சின்ன டீசல் இன்ஜின். அதையெல்லாம் வருஷக்கணக்கா உயிரோட வச்சிருக்கிறவங்க பெரும்பாலும் பட்டம் வாங்கினவங்க இல்லை. ஒரு மோட்டார் ஒரு வாரம் நின்னா ஒரு வீட்டில் ஒரு வாரம் வருமானம் இல்லை. அந்த நெருக்கடிதான் அவங்களுக்கு ஆசிரியர்.

நமக்கு அந்த நெருக்கடி இல்லை. முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் நமக்குத் தர்றது புதுத் தகடு, புதுக் குழாய், புது போல்ட். எல்லாமே முதல் தடவை சேர்க்கிற வேலை. ஏற்கனவே இருபது வருஷம் வாழ்ந்து, உப்புத் தின்னு, பனியில் நனைஞ்ச ஒரு பொருளை நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கையில் கொடுக்கிறதில்லை. வேலைக்குப் போனா நாம சந்திக்கப் போறதில் பாதி அதுதான்.

எதிர்க்கேள்விகள்

"ரெண்டு நாள் கூலிக்குப் புது மோட்டாரே பரவாயில்லையே?" சில நேரம் உண்மை. அப்போ எடைக்குப் போடுறது சரியான முடிவு. ஆனா பிரிக்கத் தெரிஞ்சவர் கணக்குப் போட்டு "விட்டுடலாம்"னு சொல்றதும், தெரியாதவர் கையைப் பிசைஞ்சுட்டு விடுறதும் ஒண்ணு இல்லை. அதோட, புதுசு எப்பவும் கிடைக்காது. 1909ல் ஓலே எவின்ரூட் தொடங்கி வச்ச பேரில் நூறு வருஷத்துக்கு மேல வந்த அவுட்போர்டுகள் 2020ல் நிறுத்தப்பட்டுச்சு. அந்த மோட்டார் வச்சிருக்கிறவருக்கு ஒரு வார்ப்பு உடைஞ்சா, இன்னொரு பழைய மோட்டார்தான் ஸ்பேர்.

"இனி எல்லாம் எலெக்ட்ரிக் தானே?" எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டியைப் பாருங்க. பல வண்டிகளில் அலுமினிய உடம்பு, எஃகு போல்ட். பத்து வருஷம் கழிச்சு மறுசுழற்சிக்கு அதை யாராவது திறக்கணும். அப்போ சூடு காட்டவும் முடியாது.

"லேப்பில் நெருப்பு, ஆசிட்டோன், அறுந்த போல்ட், யார் பொறுப்பு?" நியாயமான பயம். அதுக்காகத்தான் லேப். கண்ணாடி, கையுறை, தீயணைப்பான், பக்கத்தில் ஒரு இன்ஸ்ட்ரக்டர் இருக்கிற இடத்தில் கத்துக்கிறதா, இல்லை ஹாஸ்டல் பின்னாடி லைட்டரை வச்சுக் கத்துக்கிறதா?

2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் தொடங்கிச்சு. நல்ல விஷயம். ஆனா கம்பெனி கையேட்டையும் ஸ்பேரையும் கொடுத்தாலும், மூடியைத் திறக்கத் தெரிஞ்ச கை இல்லைன்னா அந்த உரிமை காகிதத்தோட நின்னுடும்.

என்ன கேக்கிறேன்?

பெரிய பட்ஜெட் வேண்டாம். ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு பயிற்சி, ரெண்டு வகுப்பா, நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டு. முதல் வகுப்பில் ஆராய்ஞ்சு, சுத்தம் பண்ணி, ஊறப் போடணும். அடுத்த வாரம் பிரிக்கணும். பொருள் காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். படகு மோட்டார் கிடைச்சா அதிர்ஷ்டம், இல்லைன்னா பழைய மொபெட் இன்ஜின், கிணத்து மோட்டார், எஸ்டேட் பல்பர், எதுவும் ஓகே. எவ்வளவு சூடு, எத்தனை நாள் ஊறல், எவ்வளவு முறுக்குன்னு ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரெக்கார்டு எழுதணும். வேகத்துக்கு மார்க் கிடையாது. அறுக்காமல் எடுத்த போல்ட்டுக்கு மட்டும் மார்க். ஒரு நாள் கடற்கரைப் பட்டறைக்காரர் ஒருத்தரை அழைச்சு, கெஸ்ட் லெக்சருக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தைக் கொடுத்து, நம்ம கையைப் பார்த்துத் திட்டச் சொல்லணும்.

பாதி மார்க் திரும்பப் பூட்டுறதுக்கு. மரையைச் சுத்தம் பண்ணி, பிடிப்புத் தடுக்கும் பசை தடவிப் பூட்டணும். அலுமினியத்துக்குச் செம்புத்தூள் கலந்த பசை வேண்டாம், அது இன்னொரு பேட்டரி. பசை வழுக்கும்ங்கிறதால முறுக்கையும் குறைச்சுக்கணும். ஆனோடு பாதி கரைஞ்சிருந்தா மாத்தணும், அதுமேல பெயிண்ட் அடிச்சுடக் கூடாது. கடலில் ஓடின மோட்டாரை ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில் கழுவணும். நாம பூட்டுற ஒவ்வொரு போல்ட்டையும் என்னைக்கோ ஒருத்தர் கழட்டப் போறார். அவரை நினைச்சுப் பூட்டுறவங்களைத்தான் நான் இன்ஜினியர்னு சொல்லுவேன்.

அதனால அந்தப் பாதி மார்க்கை யார் போடணும்ங்கிறதுக்கும் ஒரு யோசனை வச்சிருக்கேன். நீங்க பூட்டின மோட்டாரை வெளியே மழையில் ஒரு வருஷம் வச்சிடலாம். அடுத்த வருஷம் உங்க ஜூனியர் வந்து கழட்டட்டும். வந்துச்சுன்னா மார்க், வரலைன்னா நேரா உங்ககிட்டயே வந்து கேக்கட்டும்.